மலைக்குப் போன துவாய்

ஓக்லாந்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மவுண்ட் ரோஸ்கில் என்று ஒரு மலை இருக்கிறது. உயரம் நூற்றுப் பத்து மீற்றர். கைலாயத்துக்குப் போவதென்று முடிவெடுத்த நாளிலிருந்து சனி, ஞாயிறுகளில் அதைத்தான் ஏறி இறங்கிப் பழகினோம். மேலே நின்று மனுக்காவ் துறைமுகத்தைப் பார்ப்போம், இரண்டு போத்தல் தண்ணீரைக் குடிப்போம், இறங்கிவந்து புட்டு அவித்துச் சாப்பிட்டுவிட்டுப் படுப்போம். அந்தத் தைரியத்தில்தான் 1997 செப்டம்பரில் நானும் என் மனுசன் நவரத்தினமும் திபெத்துக்கு வெளிக்கிட்டோம். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். நான் திரும்பி வந்துவிட்டேன், இப்போது எழுதவும் செய்கிறேன்.

ஏன் போனோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் மகன் கபிலனைக் கொழும்பில் ஒரு சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனபோது அவனுக்குப் பதினெட்டு வயது. எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதே பல மாதம் தெரியவில்லை. இவர் கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்த அறையின் பைப்படியில் நின்று ஒரு விடிகாலை நேர்த்தி வைத்தார். பெடியன் உயிரோடு வந்தால் கைலாயத்தைச் சுற்றி வருவேன், அதுவரை என் உடம்பில் சுடுதண்ணீர் படாது என்று. கொழும்பு வெக்கையில் பச்சைத்தண்ணீரில் குளிப்பது ஒரு விரதமா என்று நான் அப்போது நினைத்தேன். நாங்கள் நியூசிலாந்துக்கு அகதிகளாக வரப்போகிறோம் என்பது கடவுளுக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை.

கபிலன் வெளியே வந்தான். நாங்கள் ஓக்லாந்துக்கு வந்தோம். ஆடி மாதக் குளிரில், புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும்போது, விடிய நாலரைக்கு இவர் பச்சைத்தண்ணீரில் முழுகுவார். பல் கிட்டுகிற சத்தம் எனக்குப் படுக்கையறை வரை கேட்கும். கபிலனுக்கு நேர்த்தியைப் பற்றி ஒன்றும் தெரியாது. "பிள்ளையிட்டச் சொல்லிப்போடாதையும். தன்னாலதான் எண்டு நினைப்பான்" என்று இவர் எனக்குச் சத்தியம் வாங்கியிருந்தார். ஒரு மனுசன் இத்தனை வருடம் நடுங்குவதைப் பார்த்துக்கொண்டு நான் சும்மா இருந்ததே பெரிய காரியம்.

கத்மண்டுவில் எங்கள் குழு ஒன்றுசேர்ந்தது. ஒன்பது பேர். தமிழ் பேசுகிறவர்கள் எங்களைத் தவிர இன்னும் ஒருவர், ஓக்லாந்திலேயே பாபடோயிட்டோ என்ற பகுதியிலிருந்து வந்த ராகவன். தமிழ்நாட்டுக்காரர், கம்ப்யூட்டர் வேலை, நாற்பது வயது, வாய் ஓயாத மனிதர். விடுதியில் முதல் நாள் காலையிலேயே இவர் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வந்ததைப் பார்த்துவிட்டார்.

"சார், பச்சத்தண்ணியிலயா? எனக்கெல்லாம் ஹீட்டர் இல்லாம பக்தியே வராது சார்."

இவர் சிரித்துவிட்டுத் திருநீற்றைப் பூசிக்கொண்டு போய்விட்டார். ஆளுக்கு விளக்கம் சொல்லும் பழக்கம் இல்லை.

கத்மண்டுவிலிருந்து நேபாள எல்லைவரை பஸ். பிறகு பாலத்தை நடந்து கடந்து, சீனப் பக்கத்தில் லான்ட் குரூசர். அந்த எல்லை ஊர் ஏறத்தாழ இரண்டாயிரத்து முந்நூறு மீற்றர். அங்கே பச்சை மரங்கள், அருவிகள், வழுக்குகிற பாதை. முப்பது கிலோமீற்றர் மேலே ஏறினால் நியலாம், மூவாயிரத்து எழுநூறுக்கு மேல். அந்த முப்பது கிலோமீற்றருக்குள் மரங்கள் எல்லாம் விடைபெற்றுக்கொண்டு போய்விடுகின்றன. அதற்குப் பிறகு மண்ணிறம்தான். ஐயாயிரம் மீற்றர்க் கணவாய் ஒன்றைத் தாண்டியபோது எனக்குத் தலை இடித்தது. இவருக்கு ஒன்றுமில்லை என்றார். அவருக்கு எப்போதுமே ஒன்றுமில்லை.

பைக்கு ஏரியின் நீலத்தைப் பார்த்தபடி ஒரு நாள் முழுக்க ஓடினோம். சாகா என்ற இடத்தில் பிரமபுத்திராவை, அங்கே அதற்கு யார்லுங் சாங்போ என்று பெயர், இரும்புக் கயிறு பிடித்து இழுக்கிற தெப்பத்தில் வாகனத்தோடு கடந்தோம். அங்கிருந்து மேற்கே இன்னொரு நாள். அன்று பின்னேரம் எங்கள் சாமான் லொறியின் அச்சு ஆற்றுக்குள் உடைந்தது. கூடாரம், மண்ணெண்ணெய், அரிசி எல்லாம் அதில்தான். லொறியைத் திருத்தும்வரை தங்குவதற்கு வழிகாட்டி எங்களைப் பிரதான பாதையிலிருந்து வடக்கே பன்னிரண்டு கிலோமீற்றர் தள்ளி ஒரு சிற்றூருக்குக் கொண்டுபோனார். ஊரின் பெயர் தங்கார். உயரம் நாலாயிரத்து எழுநூறு மீற்றர். நியூசிலாந்தின் ஆக உயர்ந்த மலையையே அதற்குக் கீழே வைத்துவிடலாம்.

தங்கார் ஒரு தெருதான். தெருவின் இரு பக்கமும் மண்கல் வீடுகள், சுவர்களில் வெள்ளைச் சுண்ணாம்பு. தகரக் கூரை போட்ட கட்டடங்கள் மூன்று: ஊர் அலுவலகம், பள்ளிக்கூடம், ஒரு சின்ன வைத்தியசாலை. தெற்கே சாங்போ ஆறு பத்துப் பதினைந்து கிளையாகப் பிரிந்து ஓடுகிறது. ஆற்றங்கரையில் பாலைவனத்தில் இருப்பதுபோல மணல்மேடுகள், மணல்மேடுகளுக்குப் பின்னால் இமயமலையின் பனி. வடக்கே இன்னொரு மலைவரிசை. நடுவில் இந்த ஊர். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மரம் இல்லை. கதவுக்கும் கூரைக்கும் வேண்டிய மரம் முழுக்க லொறியில்தான் வருகிறது. எரிப்பதற்குக் கவரிமாட்டுச் சாணம். ஒவ்வொரு வீட்டு மதிலின் மேலும் காய்ந்த சாணத்தை அழகாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். எந்த வீட்டுக்காரி கெட்டிக்காரி என்று அந்த அடுக்கைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

தங்காரில் நேரமும் இரண்டு. அலுவலகம் பீஜிங் நேரத்தில் திறக்கும், ஆடு மேய்க்கிறவர்கள் சூரியனைப் பார்த்து நடப்பார்கள். கடிகாரத்தில் எட்டு மணி, வெளியே பார்த்தால் இருட்டு. காலையில் வெயில் தோலை உரிக்கும், மதியத்துக்குப் பிறகு காற்று எழும்பும். எழும்பினால் மணலும் சேர்ந்து வரும். அதனால் ஊரின் எல்லா வேலையும் காற்றுக்கு முன்னால் முடிந்துவிட வேண்டும்.

எங்களுக்குத் தங்க இடம் கொடுத்தவள் டோல்கார். முப்பத்தைந்து வயது இருக்கும், வெயிலில் கறுத்த சிவந்த கன்னம், சிரித்தால் தெரு முழுக்கக் கேட்கும். புருசன் கவரிமாடுகளோடு மேலே மேய்ச்சல் நிலத்தில் நின்றான். அவள் கீழே தேநீர்க்கடையும் நான்கு கட்டில் போட்ட அறையும் ஐம்பது ஆடும் வைத்திருந்தாள். ஒரு பிளாஸ்க் வெண்ணெய்த் தேநீர் மூன்று யுவான், கட்டில் பத்து யுவான். எங்கள் குழுவின் சமையற்காரர் பெம்பாதான் இடையில் நின்று மொழிபெயர்த்தார். ஐம்பது வயது ஷெர்பா, ஆங்கிலமும் திபெத்தியமும் தெரியும், எதற்கும் பதறாத ஆள்.

இரண்டாம் நாள் விடிய டோல்காரின் கத்தல் கேட்டு எழும்பினேன். பக்கத்துக் கட்டிலில் இவர் இல்லை. எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. ஓடினேன் என்று எழுத ஆசைதான், அந்த உயரத்தில் யாரும் ஓட முடியாது. வீட்டுக்குப் பின்னால் ஒரு ஓடை. கரையில் கண்ணாடி மாதிரி ஐஸ். அதன் நடுவில் இவர் வேட்டியோடு குந்தியிருந்தார், கையில் வாளி, பக்கத்தில் கல்லில் துவாய். தண்ணீர் அள்ள வந்த டோல்கார் இவரைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அவர் எழும்பவும் இல்லை, பேசவும் இல்லை. அவள் தான் போட்டிருந்த ஆட்டுத்தோல் அங்கியைக் கழற்றி அவரைச் சுற்றி, ஆட்டுக்குட்டியைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

ஓக்லாந்தில் நான் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். உதடு எந்த நிறமானால் பயப்பட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். இவருடைய உதடு கத்தரிப்பூ நிறமாக இருந்தது. மூச்சு, ஓட்டை விழுந்த துருத்தி மாதிரி. ஐயோ, கபிலனுக்கு நான் என்னத்தைச் சொல்லுவேன் என்றுதான் முதலில் தோன்றியது.

ஊர் வைத்தியர் வந்தார். காற்று நிரப்பிய தலையணை மாதிரி ஒரு பை கொண்டுவந்தார், அதற்குள் ஒக்சிசன். குழாயை மூக்கில் வைத்து, பையை என் கைக்குள் கொடுத்து அமத்தச் சொன்னார். பெம்பா வைத்தியர் சொன்னதை எனக்குச் சொன்னார்: "இறங்க வேண்டுமென்றால் முதலில் ஐயாயிரம் மீற்றர்க் கணவாயை ஏற வேண்டும். இந்த நிலையில் அது கூடாது. அசையாமல் படுக்கட்டும். நாளைக்குக் காலை தெளியாவிட்டால் ஊர் ஜீப்பில் சாகா ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம். தெளிந்தாலும் இதற்குமேல் ஒரு அடி ஏறக்கூடாது. தண்ணீரில் கை வைத்தால் நான் மறுபடி வரமாட்டேன்."

கைலாயத்தைச் சுற்றும் பாதையில் ஐயாயிரத்து அறுநூறு மீற்றரில் ஒரு கணவாய் இருக்கிறது. அதைத் தாண்டாமல் சுற்று முடியாது. ஆகவே கதை முடிந்துவிட்டது. வாசலுக்கு இரண்டு நாள் தூரத்தில்.

அன்று முழுவதும் பையை மாற்றி மாற்றி அமத்திக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் காலை இவர் கண்ணைத் திறந்து தெளிவாகப் பேசினார். பேசிய முதல் வார்த்தை: "வாளி எங்க?"

"வாளி டோல்காரிட்டக் குடுத்திட்டன். பால் கறக்க."

"என்ன விசர் வேலை பார்க்கிறீர்! இண்டைக்கு இன்னும் முழுகேல்லை."

"முழுகினீங்கள் எண்டால் நான் இப்பவே ராகவன்ர காரில ஏறிப் போயிடுவன். பிறகு உங்கட சடலத்தை நீங்களே கொண்டு வாங்கோ."

இவர் என் பக்கமாகத் திரும்பிப் படுத்தார். பிறகு என் கையைப் பிடித்தார். அவர் அப்படிப் பிடிக்கிற ஆள் இல்லை.

"புஸ்பம், லொறி திருத்தியாச்சு எண்டு பெம்பா சொன்னார். நீர் அவையளோட போம். நீர் சுத்தினால் நான் சுத்தின மாதிரி."

"நான் வைச்ச நேர்த்தியோ? உங்களை இஞ்ச போட்டிட்டு நான் மலை சுத்துறதோ?"

"முடிக்காட்டில் பெடியனுக்கு ஏதும் நடந்திடும், புஸ்பம். எனக்குப் பயமாக் கிடக்கு." அழுதார். மகனைப் பிடித்துக்கொண்டு போன அன்றுகூட அழாத மனுசன்.

"பெடியன் த்ரீ கிங்ஸில வீடு வாங்க மோர்ட்கேஜுக்கு அலையிறான். அவனுக்கு ஏதும் நடக்கிறதெண்டால் பாங்க்காரனாலதான் நடக்கும். அவனுக்கு அப்பாவும் வேணும், விளங்கிச்சோ?"

டோல்கார் அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். மொழி தெரியாவிட்டாலும் புருசன் பெண்சாதி சண்டை விளங்காத ஊர் உண்டா? பெம்பாவிடம் கேட்டாள். பெம்பா என்னிடம் கேட்டு அவளுக்குச் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, பெரிய யோசனை ஒன்றும் இல்லாமல், இதற்கா இவ்வளவு என்ற குரலில் ஒன்றைச் சொன்னாள்.

அந்தப் பக்கத்தில் அது வழக்கம். கைலாயத்துக்குப் போகிறவர்களிடம், போக முடியாதவர்கள் தங்கள் உடம்பில் பட்ட ஒன்றைக் கொடுத்து அனுப்புவார்கள். ஒரு கற்றை முடி, பழைய சட்டை, சப்பாத்து, எதுவென்றாலும். போகிறவர் அதைக் கணவாய்க்குக் கொஞ்சம் கீழே கற்களுக்கு நடுவில் வைத்துவிட்டு வருவார். கொடுத்தவர் ஊரில் இருந்தபடி தன் ஊர்க் குன்றைச் சுற்றுவார். தங்காருக்குப் பின்னாலும் அப்படி ஒரு சின்னக் குன்று இருக்கிறது, அடியைச் சுற்றி மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். டோல்காரின் மாமியார் கால் வழங்காத காலத்தில் அப்படித்தான் தன் தலைமுடியை அனுப்பினாராம்.

"என்னத்தை அனுப்புறது?" என்று இவர் கேட்டார். தலையில் அனுப்புவதற்கு முடி இல்லை.

நான் கொடியில் காய்ந்துகொண்டிருந்த துவாயை எடுத்தேன். விறைத்துப் பலகை மாதிரி இருந்தது. கொழும்பிலிருந்து வந்த துவாய் இல்லை, அது எப்போதோ கிழிந்துவிட்டது. இது ஓக்லாந்தில் வாங்கியது. ஆனால் அத்தனை குளிர்காலமும் அவரைத் துடைத்தது அதுதான். இவர் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். பிறகு ராகவனைக் கூப்பிடச் சொன்னார். அன்றுதான் முதல்முறையாக வீட்டுக்கு வெளியே ஒருவரிடம் தன் வாயால் நேர்த்தியைப் பற்றிச் சொன்னார்.

ராகவன் துவாயை இரண்டு கையாலும் வாங்கினார். "சார், ஹீட்டர் பத்தி நான் பேசுனத மன்னிச்சிடுங்க. ஆமா, இந்தத் துண்ட நான் மேல வச்சுட்டுத்தான் வருவேன். தவழ்ந்தாவது போறேன். அக்கா, நீங்க சாரப் பாத்துக்கங்க" என்றார்.

வாகனங்கள் மேற்கே போயின. பெம்பாவும் நாங்களும் தங்காரில் நின்றோம், ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் மேல்.

அந்த ஒரு வாரத்தில் ஊர் எனக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. காலையில் டோல்கார் ஆடுகளை இரண்டு வரிசையாக, தலைக்குத் தலை பின்னினாற்போல ஒரே கயிற்றில் கட்டுவாள். ஆடுகள் கழுத்தைக் கோத்துக்கொண்டு வகுப்பறையில் நிற்பதுபோல நிற்கும். அவள் பின்னால் குந்தி ஒவ்வொன்றாகக் கறந்துகொண்டு போவாள், எங்கள் வாளியில்தான். முடிந்ததும் கயிற்றின் நுனியை ஒரு இழுப்பு, அவ்வளவும் அவிழ்ந்து ஓடும். மனிதரைவிட ஆடுகள் அதிகமான நாட்டிலிருந்து வந்தவள் நான், அதுவரை ஆட்டைக் கடையில் பிளாஸ்ரிக் சுற்றித்தான் பார்த்திருந்தேன். மூன்றாம் நாள் நானும் குந்தினேன். என் ஆடு என்னை உதைத்தது, டோல்காரின் சிரிப்பு ஆற்றங்கரை வரை போயிருக்கும்.

தங்காரில் பார்லி விளையாது, எதுவுமே விளையாது. ஆட்டு உரோமத்தையும் வெண்ணெயையும் கொடுத்துத் தாழ்வான ஊர்களிலிருந்து பார்லி மா வாங்குகிறார்கள். வறுத்த மா, வெண்ணெய்த் தேநீர் விட்டு விரலால் பிசைந்து உருண்டை பிடித்துச் சாப்பிடுவது. குரக்கன் மா சாப்பிட்ட வாய்க்கு அது புதிது இல்லை. நான் கொண்டுபோன யாழ்ப்பாணத்துக் கறித்தூளை ஒரு சிட்டிகை கலந்தேன். டோல்கார் ருசி பார்த்துவிட்டுத் தும்மினாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் கேட்டாள். உப்புப் போட்ட தேநீர் மட்டும் எனக்குக் கடைசிவரை இறங்கவில்லை. ஒரு மிடறு குடித்தால் உடனே நிரப்பிவிடுவார்கள். எழும்பிப் போகும்போதுதான் கோப்பையை முடிக்க வேண்டும் என்பது தெரியாமல் முதல் நாள் ஒரு பிளாஸ்க்கையே குடித்துவிட்டேன்.

அங்கே யாரும் குளிப்பதில்லை. குளிர்காலம் முழுவதும் இல்லை, கோடையிலும் அபூர்வம். முகத்தில் வெண்ணெயைத் தேய்த்துக்கொள்கிறார்கள். இவரும் குளிக்கவில்லை. சாணப் புகையும் ஆட்டு மணமுமாக, டோல்கார் கொடுத்த அங்கிக்குள் அடுப்படியில் இருந்தார். உதடு பழைய நிறத்துக்கு வந்தது. இரண்டு கோப்பை தேநீர் வேறு குடித்தார். எனக்கே இறங்காதது அவருக்கு இறங்கியது.

குழு திரும்பி வரவேண்டிய நாள் காலை இவர் எழும்பி முகத்தைக்கூடக் கழுவாமல் திருநீற்றைப் பூசினார். "வாரும்" என்றார். முழுகாமல் இந்த மனுசன் திருநீறு பூசி நான் பார்த்ததே இல்லை. குன்றின் அடியைச் சுற்றிவர டோல்காருக்குப் பத்து நிமிடம். எங்களுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனது. நாலு எட்டு வைப்பார், நிற்பார், மூச்சு வாங்குவார். ஊர்க் கிழவிகள் மணிமாலையை உருட்டிக்கொண்டு எங்களை முந்திக்கொண்டு போனார்கள், இரண்டாம் சுற்றில் மறுபடி முந்தினார்கள், தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். சுற்றி முடித்த இடத்தில் இவர் கல்லடுக்கில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். என்ன கேட்டார் என்று நான் கேட்கவில்லை.

பின்னேரம் காற்றோடு வாகனங்கள் வந்தன. ராகவனின் மூக்குத் தோல் உரிந்திருந்தது. "வச்சாச்சு சார். கல்லு மேல கல்லு வச்சு, காத்து தூக்காத மாதிரி" என்றார். இவர் அவரைக் கட்டிப்பிடித்தார். ராகவன் மணத்தைத் தாங்கிக்கொண்டு நின்றதற்கு அவருக்குப் புண்ணியம் உண்டு.

புறப்படும்போது டோல்கார் எங்கள் இருவருக்கும் கழுத்தில் வெள்ளைத் துணி போட்டாள். வாளியை அவளிடமே விட்டுவிட்டு வந்தோம்.

ஓக்லாந்து விமானநிலையத்தில் பண்ணை விலங்குகளோடு பழகினீர்களா என்று கேட்டார்கள். பழகினேன், ஒன்று உதைத்தது என்றேன். அதிகாரி எங்கள் சப்பாத்துகளை வாங்கிப் போய்த் தங்கார் மண் ஒன்றும் மிஞ்சாமல் கழுவித் தந்தார். கபிலன் காரோடு நின்றான். மாங்கரேப் பாலத்தைத் தாண்டும்போது கேட்டான்:

"என்னப்பா, மலையைச் சுத்தினீங்களே?"

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். இவர் பொய் சொல்லலாம், நான் காட்டிக்கொடுக்கமாட்டேன் என்று நினைத்தேன்.

"இல்லையடா. பாதிவழியில விழுந்திட்டன்" என்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பைப்படியிலிருந்து தொடங்கித் துவாய் வரை. கபிலன் பாலத்தைக் கடந்ததும் காரை ஓரமாக நிறுத்திவிட்டான்.

"அந்தப் பச்சைத்தண்ணி எனக்காகவோ? நான் கரண்ட் பில்லுக்காக எண்டெல்லோ நினைச்சன்." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி சொன்னான்: "நான் எப்பவோ வெளியில வந்திட்டன் அப்பா. நீங்கள்தான் இன்னும் உள்ளுக்க நிக்கிறியள்."

இவர் அவனுடைய தலையைத் தடவினார், சின்னப் பிள்ளைக்குத் தடவுவதுபோல. பின்னால் வந்த கார்க்காரன் ஹோன் அடித்தான். வீட்டுக்கு வந்தோம்.

அடுத்த நாள் விடிய நாலரைக்கு இவர் எழும்பியது எனக்குத் தெரியும். வழக்கம்போலப் பல் கிட்டுகிற சத்தத்துக்குக் காத்துக்கொண்டு படுத்திருந்தேன். கேட்கவில்லை. எழும்பிப் போனேன். குளியலறைக் கதவுக்குக் கீழால் ஆவி வந்துகொண்டிருந்தது. நடையிலேயே சுவரோடு சாய்ந்து நின்றேன். அரை மணித்தியாலமாக மனுசன் வெளியே வரவில்லை. சிலிண்டரில் இருந்த சுடுதண்ணீர் முழுவதையும் முடித்துவிட்டார். எனக்கு ஆறு மணிக்கு வேலை. அன்று நான் பச்சைத்தண்ணீரில் முழுகிவிட்டுப் போனேன்.